தடுப்பூசி மகள்களுக்கு, தாய்மார்களுக்கு?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசத் தடுப்பூசி போடுவதென்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த தமிழ்நாடு அரசு, அதற்கு ரூ.36 கோடி ஒதுக்கியது. அதே ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்க்கான பகல்நேரச் சிகிச்சை மையங்கள் வரும் என்றது. இரண்டும் மனமார வரவேற்க வேண்டியவை. ஒன்று நோய் வராமல் காக்கும்; மற்றொன்று வந்தவருக்கு மருந்து கொடுக்கும். நோய் வந்து, சிகிச்சையும் முடிந்து, வீடு திரும்பிவிட்ட பெண் இந்த இரண்டிலும் அடங்கமாட்டார்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையினுடைய மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். கருப்பைப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இறந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லியே பழகிவிட்டோம். பிழைத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலையிலும் நமக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்வதில்லை?

மார்பகப் புற்றுநோயைப் பற்றி நகரங்களிலாவது இப்போது வாய்விட்டுப் பேசுகிறார்கள். கர்ப்பப்பையில் வந்ததை அப்படிப் பேச முடிவதில்லை. நோய் வந்த இடமே பேசக் கூடாத இடமாக இருக்கிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரஸ். உடலுறவு வழியாகப் பரவுவது. மிகச் சாதாரணமான வைரஸ் இது. பெரும்பாலான ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாழ்க்கையில் ஒரு முறையாவது வந்து, தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரும். ஆனால், விவரம் அரைகுறையாகக் காதில் விழுந்த வீடுகளில் பழி பெண்ணின் மேல்தான் விழுகிறது. 'எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ' என்று பாயைத் தள்ளிப் போடும் கணவனும், தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் மாமியாரும் இன்றும் இருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வீட்டில் வயதுக்கு வந்த மகள் இருந்தால் மௌனம் இன்னும் இறுகும். வரன் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போய்விடுமே என்ற பயம். வயிற்றில் கட்டி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்ற அளவில் பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

'கரண்ட்' வைத்த பிறகு

கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கத்துப் பெண்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சற்று முற்றிய நிலையில் தெரிந்தால் இதுவே முதன்மைச் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறக்குறைய ஐந்து வாரம். கூடவே வாரம் ஒரு கீமோ ஊசி. பிறகு உள்ளுக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. கடலூர் மாவட்டப் பெண்கள் இதற்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி அறுபது கிலோமீட்டருக்கு மேல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரிய ஆறுதல். பஸ் கட்டணம், துணைக்கு வருகிறவரின் கூலி, வெளிச் சாப்பாடு எல்லாம் கைக்காசுதான். நடுவில் புயல் மழை வந்தால் சிகிச்சையே விட்டுப்போகும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது கடலூர்ச் சாலைகள் இருந்த நிலை யாருக்கும் மறந்திருக்காது. இடைவெளி விழுந்தால் கதிர்வீச்சின் பலன் குறையும் என்பது மருத்துவ உண்மை.

எல்லாம் முடிந்து, 'சரியாகிவிட்டது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பிவைக்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பது மருத்துவமனையின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிறுநீர்ப்பை கதிர்வீச்சில் பாதிக்கப்பட்டிருந்தால் அடிக்கடி போக வேண்டும், அடக்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும் பெண் முதல்நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராது. பேருந்து நிலையக் கழிப்பறை எந்த நிலையில் இருக்கும் என்பது நாம் அறிந்ததுதான். நாளடைவில் அவர் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. மனசு சரியில்லை என்று வீட்டார் நினைக்கிறார்கள். பாதி நேரம் காரணம் கழிப்பறைதான்.

அடுத்தது கால் வீக்கம். அறுவை சிகிச்சையில் இடுப்புப் பகுதி நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கும், அங்கே கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும் ஒரு கால் அல்லது இரண்டும் வீங்கலாம். யானைக்கால் என்று ஊர் சொல்லும். புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு நடவுதான் பிழைப்பு. வீங்கிய காலோடு நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்றால் என்ன ஆகும்? ஒரு நத்தை ஓடு கீறினால் போதும். கிருமி ஏறிக் கால் சிவந்து, காய்ச்சலோடு படுத்துவிடுவார். காலைத் தினமும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவது, உட்காரும்போது உயர்த்தி வைப்பது, துணிக்கட்டு போடுவது, எளிய பயிற்சிகள் செய்வது ஆகியவற்றால் இதைப் பெருமளவு கட்டுக்குள் வைக்கலாம். செலவு அதிகம் இல்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவதைப் பத்திரிகையில் எழுதவே தயங்குகிறோம். எழுதாமல் விட்டதால்தான் பெண்கள் தவிக்கிறார்கள். கதிர்வீச்சுக்குப் பின் பிறப்புறுப்பின் உட்பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஆகாமலிருக்க ஒரு குழலைக் கொடுத்து, வாரத்தில் சில நாள் பயன்படுத்தச் சொல்வார்கள். தாம்பத்தியத்துக்கு மட்டுமல்ல, நோய் திரும்பியிருக்கிறதா என்று மருத்துவர் பரிசோதிப்பதற்கும் அந்தப் பாதை அடைபடாமல் இருக்க வேண்டும். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், துணைக்கு வந்த மகனோ தம்பியோ பக்கத்தில் நிற்க, இதை யார் விளக்குவார்கள்? விளக்கினாலும் அந்தப் பெண் எப்படிச் சந்தேகம் கேட்பார்? குழல் பீரோவுக்குள் போய்விடுகிறது.

இதையெல்லாம் கேட்கவும் சொல்லவும் ஏற்ற ஆள், இதே வழியில் முன்னால் நடந்துபோன இன்னொரு பெண். அவரைச் சந்திக்க ஓர் இடமும் நேரமும் வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

பெண்கள் தொடங்கிய பணி

தமிழகத்தின் முன்னோடிப் புற்றுநோய் மருத்துவமனை பெண்களின் தன்னார்வ அமைப்பிலிருந்துதான் பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி வழியாக நன்கொடை திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதைத் தன் வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட டாக்டர் வி.சாந்தா 2021 ஜனவரியில் மறைந்தார்.

திண்டுக்கல் மாவட்டம் இன்னொரு பாடம் தந்தது. அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களைப் பரிசோதித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறை. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வு அது. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் எதுவும் அதில் இல்லை.

அப்படியிருந்தும் பரிசோதனைக்கு வருகிறவர்கள் குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30-49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாட்டில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மற்றவர்களைவிட மேல் என்று நிறைவடையலாம். பத்தில் ஒன்பது பெண்கள் வரவில்லை என்பதும் அதே எண்தான்.

வராதவர்களை வரவழைக்கச் சுவரொட்டியைவிட வலுவான குரல் நோயிலிருந்து மீண்ட பெண்ணுடையது. அவருக்குப் பேசும் தெம்பு வர வேண்டும்.

வெளியே அழைத்துச் செல்வது ஏன்?

மேலை நாடுகளில் புற்றுநோயிலிருந்து மீளும் பெண்களை இரண்டு மூன்று நாள் ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் அழைத்துச் செல்லும் தொண்டு அமைப்புகள் பல உண்டு. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் உள்ள 'கேம்ப் மேக்-எ-ட்ரீம்' சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்களுக்கெனவே தனி முகாம் நடத்தியிருக்கிறது.

1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் ஒரு காரியம் செய்தார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்கள் கையால் கடும் வேலை செய்யக் கூடாது, செய்தால் கை வீங்கும் என்பது அன்றைய மருத்துவ அறிவுரை. அவர் 24 பெண்களைச் சேர்த்து, நீண்ட டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். கைகள் வீங்கவில்லை. பெண்கள் படகை விட்டு இறங்கவும் இல்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய குழுக்கள் இருக்கின்றன. 'செய்யாதே, போகாதே, படுத்திரு' என்று காலங்காலமாகச் சொல்லிவந்தது தவறு என்று ஒரு படகு காட்டிவிட்டது.

இதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. நம் பெண்களுக்குப் படகுப் போட்டி வேண்டாம். இரண்டு நாள் சமைக்காமல் சாப்பிடுவது, கூச்சமின்றிப் பேசுவது, காலார நடப்பது, நல்ல கழிப்பறை: இவை போதும். இரண்டு நாள் சமைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது ஆண்களுக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆகும்.

பிரிட்டனிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. மனைவியைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் தொடங்கிய 'ஜோஸ் செர்விகல் கேன்சர் டிரஸ்ட்', அந்நோய்க்கென்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கியது. நிதி நெருக்கடியால் 2024-இல் மூடப்பட்டது. பெரிய நன்கொடையை நம்பி நிற்கும் ஒற்றை அமைப்பு ஒருநாள் இப்படி நின்றுபோகலாம். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நோய் ஆதரவுப் பணி நிலைத்ததற்குக் காரணம், அக்கம்பக்கத்தார் சிறுகச் சிறுகப் போட்ட பணமும் தந்த நேரமும். பிறகு 2008-இல் அரசு அதைத் தன் கொள்கையாக ஏற்று உள்ளாட்சிகளோடு இணைத்தது. நமக்கு ஏற்ற வழி அது.

திருவந்திபுரம் ஏன்?

நம் பெண்களுக்கான இரண்டு நாள் முகாமுக்கு ஏற்ற இடம் திருவந்திபுரம். கடலூருக்கு மேற்கே சில கிலோமீட்டரில், கெடில ஆற்றின் கரையில் இருக்கிறது. தேவநாத சுவாமி கோயிலும், எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்றும், அதன் மேல் ஹயக்ரீவர் சந்நிதியும் உள்ள ஊர். முகூர்த்த நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடந்ததாகச் செய்தி வரும். அதற்கேற்ப மண்டபங்களும் தங்கும் அறைகளும் சமையற்கூடங்களும் பெருகியிருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் அவை பூட்டிக் கிடக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கோயிலில் முடி காணிக்கை செலுத்துவது வழக்கம். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே வந்து மொட்டை அடித்துக்கொள்கிறார்கள், பெண்களும்தான். சினைப்பைப் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளில் தலைமுடி அடியோடு கொட்டும். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே தெருவில் நடக்கும் பெண், திருவந்திபுரம் தெருவில் முக்காடே இல்லாமல் நடக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இப்படி ஓர் ஊர் பக்கத்தில் இருப்பது சாதாரண வசதியில்லை.

முகாம் கோயில் நிகழ்ச்சியாகிவிடக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்து இஸ்லாமியப் பெண் வருவார். கிறிஸ்தவப் பெண் வருவார். தரிசனம் அவரவர் விருப்பம். குன்றின் படிகளை மெதுவாக ஏறி இறங்குவது எல்லோருக்குமான பயிற்சி; முடியாதவர் அடிவாரத்தில் உட்காரலாம். ஒரு காலைப்பொழுது தேவனாம்பட்டினம் கடற்கரை. சிதம்பரம் பக்கத்துப் பெண்களுக்குப் பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டில் வெயில் ஏறுமுன் ஒரு படகுப் பயணம்.

செய்ய வேண்டியவை

முதலில் மாவட்ட நிர்வாகம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும், நோய் ஆதரவுச் செவிலியர்களும், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கால் வீக்கத்துக்கான கட்டும் பயிற்சியும், சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கான இடுப்புத் தசைப் பயிற்சியும் அவர்களுக்குத் தனியாகக் கற்பிக்கப்பட வேண்டும். சிகிச்சை முடிந்த பெண்ணின் பெயர், அவர் சம்மதத்தோடு, அந்தந்தக் கிராம சுகாதார செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். ஜிப்மர் வேறு ஆட்சிப் பகுதியில் இருப்பதால் இதற்கென்று ஓர் ஏற்பாடு செய்தாக வேண்டும்.

மாதம் ஒரு நாள் கடலூரிலும் சிதம்பரத்திலும் சந்திப்பு. சிதம்பரத்துக்கு அண்ணாமலை நகர் இருக்கிறது. முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியான நிறுவனமும், அதன் பக்கத்திலேயே செவிலியர் கல்லூரியும், பல்கலைக்கழக உளவியல் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. பெண் மருத்துவர் ஒருவர், செவிலியர் ஒருவர், ஓர் அறை, இரண்டு மணி நேரம். ஆண்களுக்கு அனுமதி கூடாது. கணவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வைக்கலாம்; வைக்கவும் வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறை, ஆடியிலும் மார்கழிப் பிற்பாதியிலும், திருவந்திபுரத்தில் இரண்டு நாள் முகாம். முப்பது பேருக்கு மேல் வேண்டாம். ஊரிலிருந்து வாகனம், தரைத்தளத்தில் படுக்கை, அருகிலேயே மேற்கத்திய வகைக் கழிப்பறை, சுடச்சுடச் சாப்பாடு, கூடவே தங்கும் செவிலியர். கீமோ ஏற்றி இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கூட்டத்தில் கலக்கக் கூடாது என்பதால், மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம். நோய் திரும்பி வந்தவர்களை ஒதுக்கக் கூடாது. அவர்களுக்குத்தான் இந்த இரண்டு நாள் மிகவும் தேவை. இரண்டு நாள் கூலியும் ஈடு செய்யப்பட வேண்டும், இல்லாவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள்.

பேனர் வேண்டாம். 'புற்றுநோயாளிகள் முகாம்' என்று மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினால் ஒரு பெண்ணும் உள்ளே வரமாட்டார். பொன்னாடை, குத்துவிளக்கு, பிரமுகர் உரை, குழுப் புகைப்படம் எதுவும் வேண்டாம். மகளிர் நல முகாம் என்றால் போதும்.

பணம் ஒரு தடையே இல்லை. ஒரு கல்யாண மேடையின் பூ அலங்காரத்துக்கு ஆகிற செலவில் இந்த முகாமை நடத்திவிடலாம். நெய்வேலியில் என்எல்சி இருக்கிறது. சிப்காட்டில் ஆலைகள் இருக்கின்றன. லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் அதில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. ரோட்டரி, அரிமா சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பங்கெடுக்கலாம். ஆனால், பொறுப்பு ஒரு நிறுவனத்திடம் மட்டும் போய்விடாமல், மீண்டு வந்த பெண்களே உள்ள குழுவின் கையில் இருக்க வேண்டும்.

படிக்கிற பெண்களுக்கு: மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், உறவுக்குப் பின் உதிரம் தெரிந்தாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும், வயிறு உப்பிச் சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முப்பது வயது தாண்டியவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

திருவந்திபுரத்து மண்டப உரிமையாளர்களுக்கு: வரும் ஆடியில் இரண்டு நாளைக்கு உங்கள் மண்டபத்தை வாடகையின்றித் தர முடியுமானால், கடலூர் மாவட்ட சுகாதார அலுவலரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.